சிங்கப்பூரில் ஒரு கடையநல்லூர் தெரு: நம் முன்னோர் நடந்த அமைதியான வீதிகள்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி, கடையநல்லூர், வடகரை, செங்கோட்டை வட்டார முஸ்லிம் வீடுகளில் தனிக் கலகலப்பு வந்துவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலையைத் தொடும் ஜூன் மாதத்தில்தான் சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கும் நீண்ட விடுமுறை. அங்கே குடியேறிவிட்ட உறவுகள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்கு வருவார்கள். பேரருவியில் குளியல், ஐந்தருவிக்கு ஒரு நடை, இரவு பார்டர் பரோட்டா என்று பத்து நாள் பறந்துவிடும்.

இங்கிருந்து நாம் சிங்கப்பூர் போனால் என்ன பார்க்கிறோம்? மெர்லயன் சிலை, செந்தோசா தீவு, முஸ்தபா சென்டர், லிட்டில் இந்தியா. கொஞ்சம் நேரம் கிடைத்தால் கம்போங் கிளாமில் உள்ள சுல்தான் பள்ளிவாசல். எல்லாம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் தென்காசி மாவட்டத்துக்காரர் ஒருவர் பார்க்காமல் திரும்பக் கூடாத வேறொரு பகுதி அந்த நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. வானுயர்ந்த வங்கிக் கட்டடங்களின் காலடியில், பெரிய ஆரவாரம் இல்லாமல், நம் ஊர்ப் பெயரையே தாங்கிக்கொண்டு அது இருக்கிறது.

பெயர்ப் பலகையில் நம் ஊர்

சிங்கப்பூரின் சைனாடவுன் பகுதியில் மேக்ஸ்வெல் உணவு நிலையம் என்று ஒன்று உண்டு. உலகெங்கும் இருந்து வரும் பயணிகள் வரிசையில் நின்று சாப்பிடும் இடம். அதன் அஞ்சல் முகவரி என்ன தெரியுமா? எண் 1, கடையநல்லூர் ஸ்ட்ரீட்.

உணவு நிலையத்தை ஒட்டிச் செல்லும் சிறிய தெரு அது. சில நிமிடங்களில் நடந்து முடித்துவிடலாம். பின்னால் ஆன் சியாங் குன்று மரங்களோடு நிற்கிறது. தட்டை ஏந்தி இடம் தேடும் கூட்டத்தில் பெரும்பாலோர் அந்தப் பெயர்ப் பலகையை நிமிர்ந்து பார்ப்பதில்லை. பார்த்தாலும் அவர்களுக்கு அது வாயில் நுழையாத ஒரு பெயர். நமக்கு அது தென்காசியில் இருந்து வடக்கே அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் ஊர்.

நகரத்தின் மையத்தில் ஒரு தெருவுக்கு இவ்வளவு தொலைவில் உள்ள நம் ஊரின் பெயர் எப்படி வந்தது? அந்த வட்டாரத்தில் நம் மக்கள் வாழ்ந்ததே காரணம்.

ஏன் போனார்கள்?

தமிழ் முஸ்லிம்கள் சிங்கப்பூருக்குப் போனது 1819இல் ஆங்கிலேயர் அங்கே துறைமுகம் அமைத்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. முதலில் போனவர்கள் பெரும்பாலும் நாகூர், நாகப்பட்டினம், காரைக்கால் போன்ற கடற்கரை ஊர்களின் வணிகர்களும் கப்பல் தொழிலாளர்களும். அங்கே அவர்களைச் சூலியர் என்று அழைத்தார்கள்.

தென்காசி, கடையநல்லூர் மக்களின் கதை வேறு. நாம் கடற்கரைக்காரர்கள் அல்லர், மலையடிவாரத்துக்காரர்கள். இங்குள்ள முஸ்லிம்களில் பலருக்குத் தறியும் வயல் கூலியும்தான் பிழைப்பு. ஆலைத் துணி வந்து கைத்தறி நொடித்தபோது, மழை பொய்த்து வயல் வேலையும் இல்லாமல் போனபோது, வெளியூர்தான் வழி என்றாயிற்று. திருநெல்வேலியில் இருந்து தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரையிலான ரயில் பாதை 1904இல் முழுமையடைந்திருந்தது. ரயில் ஏறினால் துறைமுகம் போய்விடலாம் என்ற நிலை வந்தது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் நம் பகுதியில் இருந்து குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள்.

1926இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பலின் பெயரை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் போன கப்பல் அது. 1970களின் தொடக்கம் வரை ஓடியது. மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கொண்டுபோன கட்டுச்சோற்றைப் பகிர்ந்து உண்டு போனவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று விமானத்தில் வந்து குற்றாலத்தில் குளிக்கிறார்கள்.

பெண்களும் போனார்கள்

பிற ஊர்களில் இருந்து போன தமிழ் முஸ்லிம்கள் பெரும்பாலும் தனி ஆண்களாகவே போனார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்து போவார்கள். தென்காசி, கடையநல்லூர்க்காரர்கள் மனைவி, குழந்தைகளோடு போய்க் குடியேறியதால்தான் அவர்களின் வரலாறு தனியாகப் பேசப்படுகிறது.

அவர்களில் பலர் தங்கிய இடம் தஞ்சோங் பகார். 1864இல் அங்கே கப்பல் துறை நிறுவனம் தொடங்கப்பட்டதில் இருந்து அது துறைமுக வேலைக்காரர்களின் பகுதியாக இருந்தது. ஆண்களுக்குத் துறைமுகத்திலும் ஆங்கிலேயரின் படைத் தளங்களிலும் கூலி வேலை கிடைத்தது. ஒரு கூலியில் குடும்பம் நடத்த முடியவில்லை. எனவே பெண்களும் உழைத்தார்கள். மஞ்சள், மிளகாய், மல்லி, சீரகம் ஆகியவற்றை அம்மியில் அரைத்து, ஈர மசாலாவாகச் சந்தையில் விற்றார்கள். மீன் குழம்புக்கு ஒரு கூட்டு, இறைச்சிக்கு வேறொரு கூட்டு என்று வாங்க வருபவர் கேட்டபடி எடுத்துக் கலந்து இலையில் மடித்துக் கொடுப்பார்கள். மிக்சி வருவதற்கு முன் அந்த நகரத்தின் எத்தனையோ சமையலறைகள் நம் ஊர்ப் பெண்கள் அரைத்த மசாலாவில் மணந்தன.

எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒருவர் உண்டு. வீட்டில் எல்லோருக்கும் அவர் பெரியம்மா. சிறுமியாக இருந்தபோது தஞ்சோங் பகாரில் வளர்ந்தவர். “எங்கம்மா கை எப்பவும் எரியும். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிட்டுத்தான் படுப்பா” என்பார். அவர் சொல்லும்வரை அந்தக் கையைப் பற்றி நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை. குடும்பத்தில் யார் எந்தக் கடையில் வேலை பார்த்தார், யார் எவ்வளவு மணியார்டர் அனுப்பினார் என்பதெல்லாம் தெரியும். அந்தப் பணத்தில் பாதி அம்மியில் இருந்து வந்தது என்பது தெரியாது.

சங்கமும் பள்ளிக்கூடமும்

போன இடத்தில் நம் மக்கள் ஒதுங்கி வாழவில்லை, அமைப்பாகச் சேர்ந்தார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கப்பட்டது. தென்காசிக்காரர்களுக்கும் தனியாக நலச் சங்கம் உண்டு.

லீக் தொடங்கிய மறு ஆண்டே, 1942 பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. 1945 செப்டம்பர் வரை அவர்கள் ஆட்சி. கப்பல் இல்லை, கடிதம் இல்லை, பணம் வரவில்லை. இங்கே இருந்தவர்களுக்கு அங்கே இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாத ஆண்டுகள் அவை.

போர் முடிந்ததும் அந்த மக்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் அமைத்தது. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம் லீக் ஒரு தமிழ்ப் பள்ளியைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டியது. கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய அந்தப் பள்ளி பிறகு தமிழிலேயே உயர்நிலைக் கல்வி தரும் இடமாக வளர்ந்தது. ஆங்கிலப் பள்ளிகளின் பக்கம் பெற்றோர் திரும்பியதால் மாணவர் குறைந்து 1982இல் மூடப்பட்டது. ஆனால் பெயர் அழியவில்லை. உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்ற பெயரில் அரசின் தமிழ் மொழிக் கல்வி இன்றும் அங்கே நடந்துவருகிறது.

எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் ஒரு புலவரின் பெயர் சிங்கப்பூர் அரசின் கல்வி நிலையம் ஒன்றில் நிலைத்திருப்பதற்கு மலையடிவாரத்து நெசவாளர்களும் ஒரு காரணம். இதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

ஒரு காலை நேர நடை

இனி அந்த வீதிகளில் நடக்கலாம். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோமீட்டர் அளவுதான். காலை எட்டு மணிக்குத் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம்.

மேக்ஸ்வெல் எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தில் இறங்குங்கள். 2022 நவம்பரில் திறக்கப்பட்ட நிலையம் இது. வெளியே வந்தால் உணவு நிலையமும் கடையநல்லூர் தெருவும் பக்கத்திலேயே. அருகில் நகர வளர்ச்சியைக் காட்டும் சிங்கப்பூர் சிட்டி கேலரி இருக்கிறது. அதில் உள்ள பெரிய மாதிரி நகரத்தைப் பார்த்தால், இந்தப் பழைய வீதிகள் எத்தனை உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கி இருக்கின்றன என்பது ஒரே பார்வையில் புரியும்.

அங்கிருந்து சவுத் பிரிட்ஜ் சாலையில் வடக்கே நடந்தால் சில நிமிடங்களில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். அன்சர் சாஹிப் என்பவர் தலைமையில் சூலியர்கள் 1826இல் நிறுவியது. இன்று நாம் காணும் கட்டடம் 1830களின் முற்பகுதியில் எழுந்தது. முகப்பில் இரண்டு எண்கோண மினாராக்களும் அவற்றுக்கு நடுவே சின்னஞ்சிறு அரண்மனை போன்ற அமைப்பும் இருக்கும். நம் பக்கத்துப் பழைய பள்ளிகளையும் தர்காக்களையும் பார்த்தவர்களுக்கு அந்த வேலைப்பாடு அந்நியமாகத் தோன்றாது. ஒன்றைக் கவனியுங்கள்: வெளிச்சுவர் சாலைக்கு நேராக நிற்கிறது, உள்ளே தொழுகைக் கூடம் மட்டும் சற்றுத் திரும்பி நிற்கிறது. நகரத்தின் சாலை ஒரு திசையில் போக, கிப்லா வேறு திசையில் இருந்ததால் வந்த திருப்பம் அது.

பள்ளியை ஒட்டிய தெருவின் பெயர் மாஸ்க் ஸ்ட்ரீட். இந்தப் பள்ளியால்தான் தெருவுக்கு அந்தப் பெயர். அடுத்த தெருவின் முனையில் 1827இல் தொடங்கப்பட்ட மாரியம்மன் கோயில். தென்காசியில் கோபுரத்தையும் மினாராவையும் ஒரே நடையில் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய காட்சி அல்ல. கடல் கடந்தும் நம் மக்கள் அப்படியே அண்டை வீட்டாராகத்தான் இருந்திருக்கிறார்கள்.

அங்கிருந்து கிழக்கே பத்து நிமிடம் நடந்தால் தெலுக் ஆயர் தெரு. தெலுக் என்றால் மலாய் மொழியில் விரிகுடா. ஆயர் என்றால் நீர். இன்று அந்தத் தெருவில் நின்றால் கடல் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு காலத்தில் கடற்கரையே இதுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலை மண் கொட்டி நிரப்பி நிலமாக்கினார்கள். அதற்கு முன் கப்பலில் இருந்து இறங்கியவர்கள் கரையேறிய இடம் இந்தத் தெரு. உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்ல ஒவ்வொரு சமூகமும் கரையிலேயே தன் வழிபாட்டிடத்தை எழுப்பிக்கொண்டது.

எனவேதான் ஒரே தெருவில் மூன்று கட்டடங்களை அடுத்தடுத்துப் பார்க்கிறோம். முதலில், 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் ஷாஹுல் ஹமீது அவர்களின் நினைவாகக் கட்டப்பட்ட நாகூர் தர்கா. அடக்கத்தலம் நாகூரில்தான், இது நினைவுக் கட்டடம். இப்போது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. அடுத்து, சீனர்கள் 1842இல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங் கோயில். அதையும் தாண்டினால் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் வெறும் குடிசையாகத் தொடங்கியதால் அதைத் தமிழர்கள் குச்சுப்பள்ளி என்றே அழைத்தார்கள். 1850களில் கல் கட்டடமானது. ஜாமிஆ, நாகூர் தர்கா, அல் அப்ரார் ஆகிய மூன்றும் 1974இல் தேசிய நினைவுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டவை.

அல் அப்ராரில் சற்று நேரம் அமருங்கள். வெளியே பங்குச் சந்தையும் வங்கிகளும் இயங்கும் பகுதி. உள்ளே பழைய தூண்களும் நிழலும். சுற்றுப்புற அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் ளுஹருக்கு வந்து தொழுதுவிட்டு அவசரமாகத் திரும்புவார்கள். வெள்ளி மதியம் இடம் கிடைப்பது கடினம். மற்ற நேரங்களில் அமைதிதான். தொழுதுவிட்டு ஆன் சியாங் குன்றின் மரநிழல் வழியாக ஏறி இறங்கினால் தொடங்கிய இடமான கடையநல்லூர் தெருவுக்கே வந்துவிடலாம்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். பள்ளிகளுக்குள் போக உடலை மறைக்கும் உடை அவசியம். தொழுகை நேரத்தில் படம் எடுப்பதைத் தவிர்க்கவும். மேக்ஸ்வெல் போன்ற உணவு நிலையங்களில் எல்லாக் கடைகளும் ஹலால் அல்ல. முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றத்தின் ஹலால் சான்று தொங்குகிறதா என்று பார்த்து வாங்கவும். மதியம் பன்னிரண்டு முதல் இரண்டு வரை அலுவலகக் கூட்டம் மிகுதி. அந்த நேரத்தைத் தவிர்த்தால் நடை எளிது. திடீர் மழைக்குப் பயப்பட வேண்டாம். பழைய கடைவீடுகளின் முன்னால் கூரையோடு ஓடும் ஐந்தடி நடைபாதை இருக்கிறது. 1822இல் ராஃபிள்ஸ் வகுத்த நகரத் திட்டத்தில் இருந்து தொடரும் ஏற்பாடு அது.

கட்டடம் இருக்கிறது, மக்கள் இல்லை

இத்தனை பரபரப்பான நகரத்தில் இந்த வீதிகள் மட்டும் எப்படித் தப்பின? 1960களிலும் 70களிலும் சிங்கப்பூர் அரசு பழைய குடியிருப்புகளை இடித்து, மக்களை அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றியது. நெரிசலான அறைகளில் வாழ்ந்தவர்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள சொந்த வீடு கிடைத்தது பெரிய மாற்றம்தான். பிறகு 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் போன்ற பகுதிகளைப் பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவித்தார்கள். மிஞ்சிய கடைவீடுகளுக்கு வண்ணம் பூசினார்கள். அவற்றில் இன்று அலுவலகங்களும் காபிக் கடைகளும் இயங்குகின்றன.

அதற்குள் நம் மக்கள் போய்விட்டார்கள். சிலர் நகரின் பல மூலைகளில் உள்ள அடுக்குமாடிகளுக்கு. 1971இல் ஆங்கிலேயர் படைத் தளங்களை மூடியபோது வேலை இழந்த பலர் ஊருக்கே. கட்டடத்தைச் சட்டம் காப்பாற்றிவிட்டது. தெருப் பெயரைப் பலகை காப்பாற்றிவிட்டது. அம்மி அரைத்த கைகளைப் பற்றி அங்கே எந்தப் பலகையிலும் நாங்கள் பார்க்கவில்லை.

சென்ற முறை போயிருந்தபோது கடையநல்லூர் தெருவின் பெயர்ப் பலகையைப் படம் எடுத்துவந்து பெரியம்மாவிடம் காட்டினோம். ஆங்கில எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது. பலகையை அவர் பார்க்கவே இல்லை. படத்தின் ஓரத்தில் இருந்த மேட்டைக் காட்டி, “இந்த மேட்டுல ஏறித்தான் அம்மா கூட சந்தைக்குப் போவேன்” என்றார். பிறகு யார் யார் எந்த அறையில் இருந்தார்கள், எந்த வீட்டில் முதலில் குழாய் வந்தது, ஜப்பான்காரன் காலத்தில் என்ன தின்றார்கள் என்று தன் தாய் சொன்னதையெல்லாம் ஒரு மணி நேரம் சொன்னார். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். “நீங்க யாரும் கேக்கலையே” என்றார்.

நாம் செய்யக்கூடியவை

நம் பகுதியில் இப்படிப்பட்ட பெரியவர்கள் இல்லாத தெரு அநேகமாக இல்லை. அவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஜனாஸா முடிந்த பிறகு வருந்துவதைவிட, அவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்பது நல்லது.

இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கப்பல், எந்தத் தெரு, யாரோடு என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால், எந்தப் பிள்ளை பிறந்த சமயம் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். பெண்களைத் தனியாகக் கேளுங்கள். ஆண்கள் கூடியிருக்கும் இடத்தில் அவர்கள் பேச்சு குறைந்துவிடும்.

பரணில் கிடக்கும் பழைய பாஸ்போர்ட், கப்பல் சீட்டு, மணியார்டர் ரசீது, வேலை அட்டை, புகைப்படம் எதையும் தூக்கி எறியாதீர்கள். படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகைப்படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இன்றே எழுதி வையுங்கள். பெயர் சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது வெறும் தாள்.

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் சாதாரண மக்களின் நினைவுகளைப் பதிவு செய்துவருகிறது. தமிழில் பேசிய பதிவுகளும் அதில் உண்டு. 2015இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் லிட்டில் இந்தியாவில் இருக்கிறது. அங்கே வாழும் நம் உறவுகள் பிள்ளைகளோடு ஒருமுறை இவற்றைப் பார்த்து வரலாம்.

இந்த ஆண்டும் சாரல் அடிக்கும். சிங்கப்பூர் உறவுகள் வருவார்கள். அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டும் அந்தப் பிள்ளைகளிடம், “உங்க ஊர்ல நம்ம ஊர் பேர்ல ஒரு தெரு இருக்கு, தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். தெரியாது என்றால், வீட்டில் மூலையில் தஸ்பீஹோடு அமர்ந்திருக்கும் பெரியவரின் பக்கத்தில் அவர்களை உட்கார வையுங்கள். மீதியை அவர் சொல்வார், இன்ஷா அல்லாஹ்.